ஆயிரத்தில் ஒன்பது: ஒரு மருத்துவ ஆய்வை ஊருக்கு எப்படிச் சொல்வது?

மருத்துவ ஆய்வுகளைப் பற்றி வரும் செய்திகளுக்கு ஒரு மாறாத அச்சு இருக்கிறது. ‘இதைச் சாப்பிட்டால் அந்த நோய் 39 சதவீதம் குறையும்’ என்று தலைப்பு. கீழே ஏதோ ஒரு பத்திரிகையின் பெயர், இரண்டு டாக்டர்களின் கருத்து, அவ்வளவுதான். படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் “அதுல என்னப்பா போட்டிருக்கு?” என்று கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடிவதில்லை. எதில் 39 சதவீதம்? யாருக்கு? எத்தனை நாளில்? நம் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பொதுச் சுகாதார ஆய்வு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு நோயாளிக்கு எந்த மாத்திரை என்பது மருத்துவரின் கேள்வி. ஒரு ஊருக்கோ மாவட்டத்துக்கோ எதைச் செய்தால் நோயும் சாவும் குறையும் என்பது பொதுச் சுகாதாரத்தின் கேள்வி. குடிநீரில் குளோரின் போடுவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கொசு ஒழிப்பு, சத்துணவு எல்லாம் இதில் அடங்கும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பொதுப் பணத்தில் நடப்பவை. ரத்தம் கொடுப்பதும், சளி கொடுப்பதும், வீட்டு வாசலில் நின்று அரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் ஊர் ஜனங்கள்தான். முடிவு மட்டும் ஆங்கிலத்தில், புள்ளியியல் தெரிந்த சில ஆயிரம் பேர் படிக்கும் பத்திரிகையில் வருகிறது. அதை ஊருக்குத் திரும்பக் கொண்டு வருவதைத்தான் ‘ஆய்வை மக்கள்மயமாக்குவது’ என்கிறார்கள். கடினமான சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களைப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் சொற்களை விடக் கணக்குதான் பெரிய தடை. அதை ஒரே ஒரு ஆய்வை வைத்துக் காட்டுகிறேன்.

ஆய்வின் பெயர் ‘ரேஷன்ஸ்’. ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்தது. மங்களூருவைச் சேர்ந்த டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியின் தலைமையில் நடந்த இதில், சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் பத்திரிகைகளில் வெளிவந்தன. கேள்வி எளிமையானது: வீட்டில் ஒருவருக்கு டிபி (காசநோய்) வந்துவிட்டது, அந்த வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் அவர்களுக்கு டிபி வருவது குறையுமா?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிபி கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களின் உடம்பு அதை அடக்கியே வைத்திருக்கும். சத்துக் குறைந்த உடம்பால் அது முடிவதில்லை. ஆய்வில் சேர்ந்த 2,800 நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள். ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே பானைச் சோறு. ஆக, அடுத்து யாருக்கு வரும் என்பதுதான் அந்த வீட்டின் கவலை.

4 மாவட்டங்களில் இருந்த 28 காசநோய் அலகுகளை, அதாவது அரசின் காசநோய்த் திட்டம் மாவட்டத்துக்குள் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஆய்வாளர் தன் விருப்பப்படி ஊரைத் தேர்ந்தெடுத்தால், நல்ல ஊரெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். அதற்காகத்தான் குலுக்கல். நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் மாதாமாதம் உணவுப்பொருள் உண்டு. ஒரு பாதியில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, கூடவே சத்து மாத்திரை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் என்பது கணக்கு. சுமார் இரண்டு வருடம் இரு பக்கத்தையும் கவனித்தார்கள்.

நோயாளிக்கு மட்டும் கொடுத்த பக்கத்தில், வீட்டில் உள்ள மற்றவர்கள் சுமார் 4,700 பேர். அவர்களில் 122 பேருக்கு டிபி வந்தது. எல்லோருக்கும் கொடுத்த பக்கத்தில் சுமார் 5,600 பேர். அவர்களில் 96 பேருக்கு வந்தது. செய்தித்தாள்களில் வந்த 39 சதவீதம் இதிலிருந்து வந்ததுதான். நுரையீரல் டிபியில், கிருமி பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். அதனால் ‘பாதியாகக் குறைகிறது’ என்றும் தலைப்புகள் வந்தன.

இங்கேதான் கணக்கைப் பிரித்துப் போட வேண்டும். 4,700-ல் 122 என்பதையும் 5,600-ல் 96 என்பதையும் யாராலும் மனதில் ஒப்பிட முடியாது. இரண்டையும் ஆயிரத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுக்காதபோது ஆயிரத்துக்கு 26 பேர். கொடுத்தபோது ஆயிரத்துக்கு 17 பேர். ஆயிரத்துக்கு ஒன்பது பேர் தப்பித்தார்கள். (26-லிருந்து 17 என்றால் 35 சதவீதம்தானே வருகிறது, 39 எங்கே என்று கேட்பவர் கெட்டிக்காரர். இரு பக்கத்திலும் எத்தனை நாள் கவனித்தார்கள் என்பது போன்ற வித்தியாசங்களைச் சமன்செய்து போட்ட கணக்கு 39. ஊரில் சொல்ல 26-ம் 17-ம் போதும்.)

39 சதவீதம் என்பதும் உண்மை, ஆயிரத்துக்கு ஒன்பது என்பதும் உண்மை. கேட்பவர் மனதில் அவை உண்டாக்கும் எண்ணம் மட்டும் வேறு வேறு. ‘39 சதவீதம்’ என்று கேட்டவர், நூறு பேரில் 39 பேர் தப்பித்தார்கள் என்றே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த எண் அப்படித்தான் கேட்கிறது. சதவீதத்தில் குறைவைச் சொல்லும்போது, எதிலிருந்து குறைந்தது என்பது காணாமல் போய்விடுகிறது. ஆயிரத்தில் இருவர் ஒருவராகக் குறைந்தாலும் 50 சதவீதம், ஆயிரத்தில் 400 பேர் 200 பேராகக் குறைந்தாலும் அதே 50 சதவீதம். மருந்து, சத்துமாவு, டானிக் விற்பவர்கள் எப்போதும் சதவீதத்திலேயே பேசுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஒரு ஆய்வை எளிமையாகச் சொல்ல வேண்டும் என்றால் முதல் வேலை: சதவீதத்தை எடுத்துவிட்டு, நூறு பேரில் எத்தனை, ஆயிரம் பேரில் எத்தனை என்று இரண்டு பக்கமும் சொல்வது. அப்புறம் எத்தனை நாளில் என்பதைச் சேர்ப்பது.

‘ஒன்பது பேர்தானா?’ என்று சப்பென்று போய்விட வேண்டாம். ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் 111. அதாவது 111 பேருக்குச் சாப்பாடு கொடுத்தால் ஒருவருக்கு டிபி வராமல் தடுக்கலாம். வீட்டுக்கு மூன்று, நான்கு பேர் என்று வைத்தால் சுமார் 30 வீடு. ஆய்வுக் கட்டுரையிலும் இதே 30 வீடு, 111 பேர் என்ற கணக்கு இருக்கிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த எண் இதுதான். பஞ்சாயத்துத் தலைவருக்கு 39 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 30 வீடு என்றால் அவருக்கு உடனே கணக்கு ஓடும்: எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ பருப்பு, எவ்வளவு செலவு. அந்த அரிசியும் பருப்பும் டிபியைத் தடுத்ததோடு நின்றுவிடாமல், அத்தனை வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றையும் நிரப்பியிருக்கும்.

அடுத்தது, ஒரு ஆய்வு எதைக் கேட்கவே இல்லை என்பதைச் சொல்வது. பெரும்பாலான எளிய விளக்கங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. இதற்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் டிபி என்றால் சானடோரியம், அதாவது நோயாளிகளை நீண்ட நாள் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை. தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரில் ஒரு நிலையத்தைத் தாண்டிப் போகிறார்கள். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இருந்தால்தான் குணமாகும் என்று உலகம் முழுக்க நம்பிய காலம். படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்திய ஆய்வில், நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், இன்னொரு பகுதியினருக்கு வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். இருவருக்கும் அதே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தது. நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஆய்வு கேட்ட கேள்வி: மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா? பதில்: முடியும். அருமையான பதில், ஏழைகளுக்குப் பெரிய விடுதலை. ஆனால் வாய்க்கு வாய் மாறிப்போகும்போது அது ‘டிபிக்கு மருந்துதான் முக்கியம், சாப்பாடு ஒரு விஷயமே இல்லை’ என்று சுருங்கியது. சாப்பாடு இல்லாத வீட்டில் அடுத்த ஆளுக்கு நோய் வருமா, எடை குறைந்த நோயாளி பிழைப்பாரா என்பதெல்லாம் வேறு கேள்விகள். உணவை நேரடியாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு வர அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. சுருக்கும்போது கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

அதே தவறு ரேஷன்ஸ் ஆய்வுக்கும் நேரலாம். ‘சாப்பாட்டாலேயே டிபி போகும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றினால் யாராவது மாத்திரையை நிறுத்துவார். ஆய்வில் எல்லா நோயாளிகளும் மாத்திரை சாப்பிட்டார்கள். கொடுத்தது அரிசியும் பருப்பும், கடையில் விற்கும் புரோட்டீன் டப்பா இல்லை. பார்த்தது மிகவும் வறுமையான மாவட்டங்களில். நன்றாகச் சாப்பிடும் ஒரு வீட்டில் கூடுதலாகச் சாப்பிட்டால் இதே பலன் வரும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

சரி, கணக்கும் எல்லையும் ஆயிற்று. கேட்டவர் கையில் என்ன கொடுப்பது? அவர் வீட்டில் இருக்கும் அளவையில் கொடுக்க வேண்டும். இதே ஆய்வின் இன்னொரு கட்டுரை, சிகிச்சையின் முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது என்கிறது. ‘5 சதவீதம்’ என்று எந்த எடை மெஷினிலும் காட்டாது. 40 கிலோ இருப்பவருக்கு அது 2 கிலோ. “ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலைன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க” என்றால் யாருக்கும் புரியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எடை கூடியதால் பிழைத்தார்களா, தேறி வந்ததால் எடை கூடியதா என்பதை இந்த ஒப்பீடு தனியாகப் பிரித்துச் சொல்லாது. ஆனாலும் எடை ஏறாதவர் மீது கண் வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. என்ற எண்ணும் அப்படித்தான். 18.5-க்குக் கீழே என்றால் எடை குறைவு என்று சொன்னால் தலையாட்டுவார்கள், புரியாது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது ஏறத்தாழ 42 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் எடை குறைவு. அவரே 31 கிலோவுக்கு வந்துவிட்டால் பி.எம்.ஐ. 14-ஐத் தொட்டுவிடும், அது உயிருக்கே ஆபத்து.

இந்த 14 என்ற எண்ணைத் தமிழ்நாடு மிக நடைமுறையான விதத்தில் பயன்படுத்தியது. 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ தான் அது. டிபி இறப்புகளில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நடக்கின்றன. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனைகள் எல்லாம் வேண்டாம் என்று, சில எளிய அடையாளங்களை எடுத்துக்கொண்டார்கள். எடை மிகக் குறைவா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் வாங்குகிறதா, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போகிறதா, யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. சிகிச்சை தொடங்கும்போதே ஊழியர் இவற்றைப் பார்த்துவிட்டு, ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். எத்தனையோ கட்டுரைகளின் சாரம் ஒரு துண்டுச் சீட்டுக்குள் அடங்கிவிட்டது. ‘பிடிக்காம நிக்க முடியுதா?’ என்ற கேள்வியை வீட்டில் உள்ளவர்கள்கூடக் கேட்டுப் பார்க்கலாம். ஆய்வை எளிமையாக்குவது என்றால் இதைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

இன்னொன்று, யார் சொல்வது, எப்படிச் சொல்வது. மைக் பிடித்துச் சொன்னால் ஜனங்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை செய்து பார்த்த முறை இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்கள். மாதம் ஒரு கூட்டம், மொத்தம் 20 கூட்டம். படம் போட்ட அட்டைகள், கதைகள், விளையாட்டு. பிறந்த குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதை அந்தப் பெண்களே தங்கள் ஊர் நிகழ்வுகளை வைத்துப் பேசினார்கள்; எதை முதலில் சரிசெய்வது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். கூட்டத்தை நடத்திய பெண் அதே பகுதியைச் சேர்ந்தவர், டாக்டரோ நர்ஸோ இல்லை.

முதல் வருடம் ஒரு பலனும் தெரியவில்லை. குழு இருந்த ஊர்களில் ஆயிரம் பிறப்புக்கு சுமார் 56 பச்சிளங் குழந்தைகள் இறந்தன, இல்லாத ஊர்களில் 53. அந்த இடத்திலேயே நிதி கொடுத்தவர்கள் கையை விரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டாம் வருடம் குழு இருந்த ஊர்களில் 37, மூன்றாம் வருடம் 36. மற்ற ஊர்களிலோ 60, அப்புறம் 64. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. பேசுவதற்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்துவிட்டு ‘விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்’ என்று அறிக்கை எழுதுபவர்கள் அந்த முதல் வருடத்தையாவது ஒருமுறை பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், 2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவம் பெண்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஏற்கெனவே அவர்கள் தலையில் பத்து ரெஜிஸ்டர் இருக்கிறது என்பதும் உண்மை. அதனால் அவர்களிடம் கொடுப்பது ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ரேஷன்ஸ் ஆய்வை நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் படித்துக் காட்ட வேண்டும் என்றால் நான் இப்படி எழுதுவேன்:

“வீட்டில் ஒருவருக்கு டிபி வந்தால் மற்றவர்களுக்கும் வரலாம். ஜார்க்கண்டில் வசதி குறைந்த குடும்பங்களில் இதைப் பார்த்தார்கள். நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள் கொடுத்த வீடுகளில், மற்றவர்கள் ஆயிரம் பேரில் 26 பேருக்கு இரண்டு வருடத்தில் டிபி வந்தது. எல்லோருக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்த வீடுகளில் 17 பேருக்கு வந்தது. நோயாளி மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோரும் டிபி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் எடை பாருங்கள். யாருக்காவது எடை குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.”

படித்துக் காட்டியதும் “புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது. எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். “இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டு, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 26-ஐயும் 17-ஐயும் விட்டுவிட்டு ‘சாப்பாடு போட்டா டிபி வராதாம்’ என்று அவர் சொன்னால், தவறு நம் எழுத்தில்தான். திருத்தி எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் இன்னும் டிபி என்ற பேச்சை மறைத்துத்தான் பேசுகிறார்கள். உணவுப் பை ஒரு வீட்டு வாசலில் இறங்கினால் யாருக்கு என்ன நோய் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் பை வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். ஆகவே ஆய்வை ஊர் முழுக்கச் சொல்லலாம். பொருளை யாருக்கு, எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதை அந்தந்த வீட்டிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்டு முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: “சரி, இந்த அரிசி பருப்பை யாரு குடுப்பா?” அதற்குப் பதில் இல்லாமல் போய் நிற்கக் கூடாது. டிபி நோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நன்கொடையாளர்கள் மூலம் உணவுப் பை கொடுக்கும் நிக்‌ஷய் மித்ரா ஏற்பாட்டை, நோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் விரிவுபடுத்துவதாக 2024-ல் அறிவித்தார்கள். பணம் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும்; அதற்கு அவர் பெயர் நிக்‌ஷய் என்ற அரசின் டிபி பதிவுத் தளத்தில் பதிவாகி, கணக்கு எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இரண்டும் ஏறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கட்டணமில்லா உதவி எண் 1800-11-6666. படித்துக் காட்டும் அந்தத் தாளின் கடைசி வரியாக இந்த எண்ணையும், நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு டிபி ஊழியர் எந்தக் கிழமை வருகிறார் என்பதையும் பேனாவால் எழுதிக் கொடுத்தால் போதும்.